அலாட்மெண்ட் அனுப்புங்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 84. 1959-இல், 17 வயதில் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, எஞ்சின் அறைப் பிரிவில் 16 ஆண்டுகள் பணியாற்றினேன். 1971 போரில், கொதிகலன் விரிசலால் முழு வேகத்தில் ஓட முடியாதிருந்த விக்ராந்த் கப்பலில் இருந்தேன். பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின் 24 ஆண்டுகள் நூற்பாலையில் பாய்லர் பார்த்தேன். கப்பலில் இருந்த காலம் முழுவதும் சம்பளத்தில் பெரும்பகுதியை அலாட்மெண்டாக (மாதாமாதம் சம்பளத்திலிருந்தே ஒதுக்கி அனுப்பும் தொகையாக) வீட்டுக்கு அனுப்பித் தம்பிகளைப் படிக்க வைத்தேன். பின்னர் என் மூன்று பிள்ளைகளையும் கரையேற்றினேன். இன்று ஓய்வூதியமாக ஏறத்தாழ 42,000 ரூபாய் வருகிறது. வங்கியில் 9 லட்சம் வைப்புத்தொகையும் நாகர்கோவிலில் சொந்த வீடும் உள்ளன. மூத்த மகனின் கடைக்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் மனைவியின் நகையை என் பெயரில் அடகு வைத்து 4.5 லட்சம் வாங்கிக் கொடுத்தேன். வட்டியை நான்தான் கட்டுகிறேன். இப்போது பேரன் உடற்பயிற்சிக் கூடம் தொடங்க 12 லட்சம் கடனுக்கு முயல்கிறான். நிதி நிறுவனம் என் வீட்டுப் பத்திரத்தையும் ஜாமீன் கையெழுத்தையும் கேட்கிறது. வங்கியில் ஒருவர், வைப்புத்தொகையை எடுத்துப் பேரன் பெயரில் உத்தரவாத வருமான பாலிசியில் போடச் சொல்கிறார். மனைவிக்கு 78 வயது. எனக்குப் பிறகு அவள் யாரிடமும் கையேந்தக் கூடாது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, ஓய்வூதியக்காரருக்குத் தெரிய வேண்டிய அடிப்படைகள் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அவற்றை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. உங்கள் வரவிலோ செலவிலோ குறை எதுவும் இல்லை. பிறர் வாங்கும் கடனுக்கு உங்கள் பெயரைக் கொடுக்கும் பழக்கம் ஒன்றுதான் உங்கள் வீட்டை அரித்துக்கொண்டிருக்கிறது. அலாட்மெண்ட் அனுப்பிய நாட்களில் நீங்கள் கொடுத்ததெல்லாம் அந்தந்த மாதம் உழைத்துச் சம்பாதித்த பணம். அடுத்த ஆண்டின் சம்பளத்தை நீங்கள் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. நகையை அடகு வைத்த அன்றுதான் அந்த ஒழுங்கு குலைந்தது.

நகைக் கடன் கணக்கையே பாருங்கள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4.5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 45,000 ரூபாய். ஆறு ஆண்டுகளில் 2.7 லட்சம். இவ்வளவு கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, நகையும் வீடு திரும்பவில்லை. அதே வேளையில் உங்கள் 9 லட்சம் வைப்புத்தொகை ஏறத்தாழ 7 சதவீதம்தான் ஈட்டுகிறது. வைப்பிலிருந்து 4.5 லட்சத்தை எடுத்து, முதிர்வுக்கு முன் எடுப்பதற்குச் சிறிது வட்டி குறைந்தாலும் பரவாயில்லை என்று, இந்த மாதமே நகையைத் திருப்பிவிடுங்கள். மறு அடகு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மகன் எப்போதாவது பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அது உங்கள் துணைவியாரின் கணக்குக்குப் போகட்டும்.

பேரன் கேட்கும் ஜாமீன் இதைவிடப் பெரிய ஆபத்து. உங்கள் ஓய்வூதியம் உங்கள் ஆயுளோடு முடிகிறது, கடன் முடிவதில்லை. பணி ஓய்வுக்குப் பின் 67 வயதுக்குள் இறப்பவர்களின் குடும்பத்துக்குச் சில காலம் கிடைக்கும் உயர்த்தப்பட்ட விகிதம் இந்த வயதில் பொருந்தாது என்பதால், உங்களுக்குப் பின் துணைவியாருக்குச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமே வரும். உங்கள் அடிப்படை ஓய்வூதியத்தை 22,000 என்று கொண்டால், அதில் ஏறத்தாழ 60 சதவீதமான 13,200-உம் அகவிலை நிவாரணமும் சேர்த்து அவர் கைக்கு வருவது சுமார் 21,000 ரூபாய். 80 வயதைத் தாண்டியவர்களுக்குரிய 20 சதவீதக் கூடுதல் இப்போது உங்களுக்குக் கிடைக்கிறது; 85 நிறையும்போது அது 30 சதவீதமாகும். அவருக்கோ அந்தக் கூடுதல் அவருடைய வயதைக் கொண்டே கணக்கிடப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்கு 80 நிறையும்போது அவர் தொகை 25,000-ஐ எட்டலாம். பேரன் கேட்கும் 12 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 27,300 ரூபாய். கூடம் ஓடவில்லை என்றால், துணைவியாரின் முழு ஓய்வூதியத்தைக் கொடுத்தாலும் அந்தத் தவணை அடையாது.

ஜாமீன் என்பது பெயருக்குப் போடும் கையெழுத்து என்று பிள்ளைகள் சொல்வார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு, ஆகவே கடன் கொடுத்தவர் பேரனை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வரலாம். இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை ஒருவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்று 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் உங்களைக் காக்கிறது. வீட்டுப் பத்திரத்துக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை. நீங்கள் மறைந்த பிறகும் அந்த ஈடு நீடிக்கும். துணைவியார் குடியிருக்கும் வீடு பேரனின் தவணையை நம்பி நிற்கும். ஆகவே கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

பேரனுக்கு உதவ வேண்டும் என்ற உங்கள் ஆசையை நான் தடுக்கவில்லை. வீட்டுச் செலவு, மருந்து எல்லாம் போக, நகை வட்டியும் நின்றுவிட்டால், உங்களிடம் மாதம் 12,000 முதல் 15,000 வரை மிஞ்சும் என்று நினைக்கிறேன். அதிலிருந்து 8,000 ரூபாயைப் பேரனுக்கு அலாட்மெண்டாக அனுப்புங்கள். ஆண்டுக்கு 96,000 ஆகிறது. உங்களுக்குப் பிறகு இது தொடராது என்பதை இப்போதே அவனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பயன்படுத்திய கருவிகளை வாங்கி, வாடகை இடத்தில் சிறிதாகத் தொடங்க அவனுக்கு மனமிருந்தால் அது நல்ல தொடக்கமாகவே இருக்கும்.

பாலிசி யோசனை எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. 84 வயதுக்காரரின் சேமிப்பை எடுத்து, பல ஆண்டுகள் பிரீமியம் கட்டி, அதன் பிறகு பலன் தரும் திட்டத்தில் போடச் சொல்பவர் உங்கள் துணைவியாரைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. உத்தரவாதம் என்ற சொல் பெரிதாகத் தெரிந்தாலும், இத்தகைய பாலிசிகளின் உண்மையான வருவாய் பெரும்பாலும் ஆண்டுக்கு 5 முதல் 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நடுவில் நிறுத்தினால் கட்டிய பணத்திலேயே நட்டம் வரும். மீதமுள்ள 4.5 லட்சத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் துணைவியாரையும் சேர்த்துக் கூட்டுக் கணக்காகப் போடுங்கள். 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுமார் 9,200 ரூபாய் வரும். அவசரத்துக்கு ஒரு லட்சத்தை மட்டும் வங்கியிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் அதிலும் தவறில்லை.

கடைசியாக, பணத்தைவிட அவசரமான ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஓய்வூதிய ஆணையை எடுத்து, துணைவியாரின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி அதில் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து ஆணைகள் சிலவற்றில் மனைவியின் பெயர் எழுத்துப் பிழையோடும் பிறந்த தேதி இல்லாமலும் இருக்கும். பிறந்த தேதி பதிவாகாவிட்டால் 80 வயதுக்குப் பின் அவருக்குரிய கூடுதல் தொகையும் வந்து சேராது. படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உள்ள விவரங்களையும் சரிபார்த்து, பிழை இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து சென்று திருத்த விண்ணப்பம் கொடுங்கள். நீங்கள் நேரில் நின்று கையெழுத்திட்டால் எளிதாக முடியும் இந்தத் திருத்தத்துக்கு, துணைவியார் தனியாகப் போனால் பல மாதங்கள் அலைய நேரிடும்.