தேய்ந்த செயற்கை இடுப்பு மூட்டை முழுவதும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 74. இடுப்பில் செயற்கை மூட்டு பொருத்தி 24 ஆண்டுகள் ஆகின்றன. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்துவிட்டதாக எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் சொல்கிறார். அம்மாவுக்கோ வலியே இல்லை. மறு அறுவை அவசியமா? எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்களா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன கிண்ணத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய காலம் முதலே தேய்மானம்தான் இம்மூட்டின் பெரிய பகை. உதிரும் நுண்துகள்களை விழுங்கும் உடலின் செல்கள், அவற்றைச் செரிக்க இயலாமல் வெளியிடும் வேதிப்பொருள்கள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. இந்த அரிப்பு பெரும்பாலும் ஓசையின்றி நடக்கும். எலும்பு குறையக் குறைய அறுவையும் கடினமாகும்.

கிருமித்தொற்று இல்லை என்பதை முதலில் இரத்தப் பரிசோதனையாலும், தேவைப்பட்டால் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தும் உறுதி செய்வார்கள். இடுப்பெலும்பில் பதித்த உலோகக் கிண்ணம் எலும்போடு நன்கு ஒட்டி, நல்ல நிலையில் இருந்தால், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உறையையும் அதற்குள் சுழலும் பந்தையும் மட்டும் மாற்றினால் போதும். புதிய உறை பழைய கிண்ணத்தில் பூட்டிக்கொள்ளாவிட்டால் எலும்பு சிமெண்ட்டால் ஒட்டுவதும் உண்டு. இம்முறையில் மூட்டு நழுவும் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால் பெரிய பந்தைப் பொருத்துவார்கள்.

கிண்ணம் ஆடினால் அதை எடுத்துவிட்டு, எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ளும் நுண்துளைப் பரப்புடைய பெரிய கிண்ணத்தைத் திருகாணிகளால் இறுக்குவார்கள்; பள்ளங்களில் தானமாகப் பெற்ற எலும்புத் துண்டுகளை அழுத்தி நிரப்புவார்கள், அல்லது டான்டலம் உலோகத் துண்டுகளைப் பொருத்துவார்கள்.

பந்தைத் தாங்கியபடி தொடை எலும்புக்குள் இருக்கும் தண்டை எடுப்பதுதான் கடினமான கட்டம். உறுதியாக இருக்கும் தண்டைத் தேவையின்றித் தொடாமல் விடுவதே சிறந்தது என்பது என் கருத்து. எடுத்தே ஆக வேண்டுமானால், தொடை எலும்பின் மேற்பகுதியில் வெளிப்புறச் சுவரை நீளவாக்கில் வெட்டிக் கதவு போலத் திறந்து, தண்டையும் சிமெண்ட்டையும் அகற்றியபின், கீழே சேதமடையாத எலும்பைப் பற்றிக்கொள்ளும் நீண்ட தண்டைப் பொருத்தி, திறந்த பகுதியைக் கம்பிகளால் கட்டிவிடுவார்கள். அது கூடிவர மாதங்கள் ஆகலாம். அதுவரை அந்தக் காலில் முழு எடையை ஊன்ற அனுமதிக்காமலும் இருக்கலாம்.

இப்போது நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. முதல் அறுவையின் கோப்பில் உள்ள, மூட்டின் நிறுவனமும் அளவும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டைத் தேடி எடுத்து மருத்துவரிடம் கொடுங்கள். பழைய தண்டின் கழுத்துக்குப் பொருந்தும் பந்தை அவர் முன்கூட்டியே வரவழைக்க அது தேவை.