பாதியில் விட்டுப் போனவர்

கேள்வி: எங்கள் ஞாயிறு பள்ளியில் ஆவிக்குரிய தலைவர்களாக வளரக்கூடிய பிள்ளைகளை எப்படி அடையாளம் காண்பது? வாலிபர் ஐக்கியத்தில் ஒருவர் ஆர்வமுள்ளவர். ஆனால் முன்கோபி, ஏற்ற பொறுப்பைப் பாதியில் விட்டவர். அவரை ஒதுக்கிவிடலாம் என்கிறது சபையை நிர்வகிக்கும் சேகரக் குழு. இது சரியா?
– ஆசிரியை ஒருவர், குடியாத்தம்

பதில்: சரியல்ல, சகோதரி.

வசனப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளையையும், கிறிஸ்துமஸ் விழாவில் கூச்சமின்றிப் பேசும் பிள்ளையையும் வருங்காலத் தலைவர்கள் என்று எண்ணுவது நம் சபைகளின் பழக்கம். அவை நினைவாற்றலையும் துணிவையும் காட்டுகின்றன. அதற்கு மேல் எதையும் காட்டுவதில்லை. புதிதாக வந்த பிள்ளையைத் தன் பக்கத்தில் அழைத்து உட்கார வைக்கிறவனையும், செய்த தவறை யாரும் கேட்குமுன் வந்து சொல்கிறவளையும் கவனியுங்கள்.

கர்த்தர் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேல் இன்னும் அவரை அறியாதிருந்தான் என்றே வேதம் சொல்கிறது. மூன்று முறையும் ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டார் என்று எண்ணி அவரிடமே ஓடினான். சொந்த மகன்களைத் திருத்தத் தவறியவரும் கண்பார்வை மங்கியவருமான அந்த முதியவர், அழைக்கிறவர் யார் என்பதை உணர்ந்து, சொல்ல வேண்டிய மறுமொழியைச் சிறுவனுக்குக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் தமக்கு எதிரான செய்தியையே அவன் வாயால் மறைக்காமல் சொல்லச் செய்து கேட்டுக்கொண்டார். நம் பெரியவர்களில் எத்தனை பேர் ஒரு சிறுவனிடம் அப்படிக் கேட்பார்கள்?

வாலிபரைப் பற்றி: அப்போஸ்தலர்களான பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போன மாற்கு, பம்பிலியாவில் அதைப் பாதியில் விட்டுத் திரும்பியவர். அதனால் பவுல் அவரை மறுபடி சேர்க்க மறுத்தார். பர்னபாவோ அவரைச் சீப்புரு தீவுக்கு அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அதே பவுல், மாற்குவை அழைத்துவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதினார். நம் பகுதியிலேயே சாட்சி உண்டு. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று உறுதியாக இருந்த இளம்பெண்; திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் பெண் மருத்துவர் இல்லாமல் இறந்ததே அவர் மனத்தை மாற்றியது. அதற்கு முந்தைய நாள் அவரிடம் பேசிய எந்தக் குழுவும் அவரை ஒதுக்கியிருக்கும். வேலூரில் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியவர் அவர்தான்.

ஆனாலும் நூதன சீஷனை, அதாவது விசுவாசத்துக்குப் புதியவரை, சபையின் கண்காணியாக வைக்கக்கூடாது என்ற பவுலின் எச்சரிக்கையும் நம் கையில் இருக்கிறது. ஆகவே அந்த வாலிபருக்கு இப்போது பதவியும் வேண்டாம், பிரசங்க மேடையும் வேண்டாம். வரும் விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஒரே ஒரு வகுப்பை, உங்கள் அருகிலேயே இருந்து நடத்தக் கொடுங்கள். கோபப்பட்டால் அன்றே தனியாக அழைத்துப் பேசுங்கள். குழுவுக்குப் புகார் எழுதாதீர்கள். முன்பு பொறுப்பை ஏன் விட்டார் என்று இதுவரை யாராவது அவரிடம் கேட்டார்களா? முதலில் அதைக் கேளுங்கள்.