பண்ணைக்குட்டை: வெட்டுமுன் ஒரு கணக்கு, ஒரு குழி

விளாத்திகுளம் பக்கம் 3 ஏக்கர் கரிசல், மானாவாரி. மழைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கக் குட்டை வெட்டினால் நிறையுமா?

1 மி.மீ. மழை என்பது ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர். வருஷத்துக்கு 600 மி.மீ. என்று வையுங்கள்: 24 லட்சம். அதில் ஓடிவந்து சேர்வதைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நம்ப வேண்டாம். 3 ஏக்கருக்கு 7 லட்சம் லிட்டர் தேறும். மேலே 20 மீட்டர் சதுரம், ஆழம் 2.5 மீட்டர், ஒன்றுக்கு ஒன்றரை சரிவு (1 மீட்டர் இறங்க ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளி) என்றால் அடி 12.5 மீட்டராகக் குறுகும், பிடிப்பது 6.7 லட்சம். அதாவது மொத்த நிலத்துத் தண்ணீரும் அங்கே வந்தால்தான் நிறையும். ஐப்பசியில் நல்ல மழை அடிக்கும்போது குடையோடு போய் எந்த மூலைக்கு ஓடுகிறதென்று பாருங்கள். குட்டைக்கும் கரைக்குமாக 20 சென்ட் நிலத்துக்கு மேல் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சிவகங்கைப் பக்கம் செம்மண், கொஞ்சம் சரளை. தண்ணீர் நிற்குமா?

3 அடிக் குழி தோண்டி, நிரப்பி, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் மறுபடி நிரப்பி, குச்சி நட்டு, பனையோலையால் மூடுங்கள். மறுநாள் 2 விரற்கடைக்குள் இறங்கியிருந்தால் வெட்டலாம். ஒரு சாண் இறங்கினால் வேண்டாம். ஆனால் சரிவுக்குக் கீழே உங்கள் கிணறு இருந்தால் கசிவும் லாபம்தான், கிணற்றுக்கு ஊறட்டும் என்று ஊறுகுட்டையாக வெட்டுங்கள். ஓரிடத்தில் 8 அடி வரை தோண்டியும் பார்க்க வேண்டும். மேலே நல்ல களி இருந்து, அடியில் சுக்கானோ (சுண்ணாம்புக் கல்) சரளையோ வந்தால் அதன் வழியே வடிந்துவிடும்.

பிளாஸ்டிக் விரிப்பு போட்டால்?

500 மைக்ரான் கனத்தில் போடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு, கரையில் புதைக்கும் ஓரத்தோடு 24-க்கு 24 மீட்டர் வேண்டும். கல், வேர் எல்லாம் பொறுக்கி 2 அங்குலம் சலித்த மண் பரப்பிய பிறகே விரிக்க வேண்டும். விரிப்பு ஓட்டையாக ஒரு கருவேல முள் போதும். விரிப்பு வழுக்கும், உள்ளே விழுந்த ஆடும் பிள்ளையும் ஏற முடியாது. நாலு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கட்டும், சுற்றி வேலியும் கட்டாயம்.

எத்தனை ஏக்கர் பாயும்?

வெயில் மட்டும் தினம் 5, 6 மி.மீ. குடிக்கும், நாலு மாதத்தில் 2 அடி. கசிவு இல்லையென்றால் 4 லட்சம் லிட்டர் மிஞ்சும். ஒரு ஏக்கருக்கு ஒரு தண்ணீர், அதாவது ஒரு தடவை பாய்ச்ச, சிக்கனமாக 1 லட்சம். ஆக 2 ஏக்கர் பருத்திக்கோ மிளகாய்க்கோ வாடும்போது உயிர் காக்க இரண்டு தண்ணீர். நெல் நினைப்பே வேண்டாம்.

கரை சரிந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

வெட்டிய மண்ணை விளிம்பிலேயே கொட்டியிருப்பீர்கள். 5 அடி தள்ளிப் போடுங்கள். கரிசல் வெடிக்கும், ஒன்றரை சரிவும் நிற்காவிட்டால் ஒன்றுக்கு இரண்டாக்குங்கள். வரத்து வாயில் 2 மீட்டர் சதுரம், 1 மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி இல்லாவிட்டால் குட்டை சீக்கிரம் மேடு தட்டும். கரையில் வெட்டிவேர் நடலாம், மரம் கூடாது.

பக்கத்து ஓடையை மறித்து உள்ளே விடலாமா?

கூடாது. அது கண்மாய்க்குப் போகிற தண்ணீர், ஓடையும் பெரும்பாலும் புறம்போக்கு. ஒரு வெள்ளம் வந்தால் முதலில் உடைவதும் உங்கள் கரைதான்.