150 கிரெயினா, 180 கிரெயினா?

கேள்வி: ஒன்டாரியோவில் வசிக்கிறேன். என்னிடம் .308 வின்செஸ்டர் ரைஃபிள் உள்ளது. அக்டோபரில் மூஸ் (மான் இனத்தில் மிகப் பெரிய விலங்கு) வேட்டைக்கும் நவம்பரில் வெண்வால் மான் வேட்டைக்கும் செல்கிறேன். வேகமான 150 கிரெயின் குண்டு நல்லதா, கனமான 180 கிரெயின் நல்லதா?

பதில்: இரண்டு வேட்டைக்கும் ஒரே குண்டுதான் என்றால் 180ஐ வாங்குங்கள், மானுக்கு மட்டும் என்றால் 150 தாராளமாகப் போதும். கிரெயின் என்பது ஒரு சிறிய எடை அலகு; பெட்டியில் அச்சிட்டுள்ள அந்த எண் முழுத் தோட்டாவின் எடையன்று, அதன் முனையிலுள்ள குண்டின் எடை மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் பலர் இதில் குழம்புகிறார்கள்.

.308இல் 150 கிரெயின் குண்டு பொதுவாக நொடிக்கு 2,820 அடி வேகத்திலும், 180 கிரெயின் குண்டு 2,620 அடி வேகத்திலும் புறப்படுகின்றன. (இவை 24 அங்குலக் குழலில் அளந்த வேகங்கள், உங்கள் குழல் 20 அங்குலம் என்றால் நூறடி வரை கழித்துக்கொள்ளுங்கள்.) ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வேகமே பெரிது என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் இங்கே எடை 20 விழுக்காடு கூடும்போது வேகம் 7 விழுக்காடுதான் குறைகிறது. ஆகவே ஆற்றல் முறையே 2,650, 2,740 அடி-பவுண்டு என ஏறக்குறைய சமமாகவே நிற்கிறது. 200 கஜத்துக்குக் குறி சரிசெய்த துப்பாக்கியில், 300 கஜத்தில் இரண்டும் தாழ்வதில் உள்ள வேறுபாடும் ஓரிரு அங்குலமே. அடர்ந்த காட்டில் நூறு கஜத்துக்குள் சுடுபவர் என்றால் உங்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

வேறுபாடு தெரிவது ஊடுருவலில்தான். விட்டம் ஒன்றாக இருக்க, கனமான குண்டு நீளமாக இருப்பதால் அதே அளவு முகப்பின் பின்னால் கூடுதல் எடை நின்று தள்ளுகிறது. 450 கிலோ எடையுள்ள மூஸின் தோள் எலும்பைத் தாண்டி நுரையீரலை எட்ட அந்தத் தள்ளல் தேவை.

எனினும் எடைக்கும் முன்னால் பார்க்க வேண்டியது குண்டின் கட்டமைப்பு. 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் கனடாவில் ஒரு மூஸைச் சுட்டபோது, .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்னும் ஆற்றல்மிக்க தோட்டாவின் குண்டுகளே, சேறு காய்ந்து அப்பியிருந்த அதன் உடலில் ஆழமாக இறங்காமல் சிதறிப்போயின. வேகம் குறைவாக இருந்ததால் நேர்ந்த தோல்வியன்று அது. அந்த வேகத்தைக் குண்டின் உறையால் தாங்க முடியவில்லை. ஊர் திரும்பிய அவர், நடுவே ஒரு தடுப்புச் சுவர் கொண்ட 'பார்ட்டிஷன்' குண்டை உருவாக்கினார்: முன்பாதி காளான்போல் விரியும், பின்பாதி குலையாமல் உள்ளே செல்லும். இன்றும் முழுச் செம்பாலான 150 கிரெயின் குண்டு, மெல்லிய உறையும் ஈய உள்ளீடும் கொண்ட 180ஐ விட ஆழமாகச் செல்லக்கூடும். ஆகவே ஒரே வகைக் குண்டுகளுக்கு இடையில்தான் எடையை ஒப்பிட வேண்டும். நான் சொல்லும் 180, உறையோடு ஈயம் பிணைக்கப்பட்ட வகை.

மென்மையான 150ஐ அருகிலிருந்து மானின் தோளில் சுட்டால், இரத்தம் கட்டி ஒரு தொடை அளவு இறைச்சி வீணாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். 180இல் பின்னுதை சற்றுக் கூடும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவராக இருந்தால், 165 கிரெயினுக்கு இறங்கிவிடுவதே நல்லது. எதை வாங்கினாலும் இரண்டு பெட்டியாக வாங்கி, ஒன்றை 100 கஜ இலக்கில் சுட்டுத் தொலைநோக்கியைச் சரிசெய்யுங்கள்; குண்டின் எடை மாறினால் அது விழும் இடமும் மாறும்.