சேனலை அகலமாக்கினால் ஆபீஸ் வைஃபை ஏன் அறுகிறது?

மதுரை மேலமாசி வீதி ஆபீஸில் சேனல் அகலத்தை (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைத் துண்டின் அகலம்) 80 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் வைஃபை அறுகிறது, 20-இல் அறாமல் நிற்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பெரும்பாலும் ரவுட்டர் பழுதில்லை. சேனல் அகலம் இருமடங்கானால் உள்ளே வரும் இரைச்சலும் இருமடங்கு, அதாவது 3 டெசிபல் கூடும். ரவுட்டரின் மொத்த சக்தி கூடாது. 20-இலிருந்து 80-க்குப் போனால் அகலம் இருமுறை இருமடங்காகிறது; இரைச்சலுக்கு மேல் சிக்னல் நிற்கும் உயரத்தில் 6 டெசிபல் நஷ்டம். சுவருக்கு அப்பால் இருக்கும் லேப்டாப் அறுந்துபோக அதுவே போதும். கடையோடு கடை ஒட்டிய வீதியில் பக்கத்து ரவுட்டர்களும் அந்த அகலத்துக்குள் வந்து விழும்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: தூரத்து மேஜைக்கு மட்டும் அறுகிறதா, எல்லோருக்கும் ஒரே நேரத்திலா? எல்லோருக்கும் என்றால் ரேடாரைச் சந்தேகிக்கலாம். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிரப்படுபவை; அவற்றில் ரேடார் சிக்னல் தட்டுப்பட்டால் ரவுட்டர் உடனே வேறு சேனலுக்கு விலகும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 20 தான், மறுபேச்சே வேண்டாம். 5-இல் 40 வைத்து, 'ஆட்டோ'வை நிறுத்தி, சேனல் 36 அல்லது 149-ஐ நீங்களே குறித்துவிடுங்கள்.