சின்ன ஸ்போர்ட்டி கார்: பிடிமானம், டயர், பிரேக் – கேள்வி பதில் (கேட்டவங்களுக்குப் பதிலா ஊர்ப் பேர்)

மண்டபம்: அண்ணே, பாம்பன் ரோட்டுப் பாலத்துல ஸ்விஃப்ட்டைக் காத்து பக்கவாட்டுல தள்ளுது. வீல் அலைன்மென்ட் (சக்கரம் நேரா நிக்கிற அமைப்பு) போயிருச்சா?

பதில்: காத்தில்லாத இடத்துல நேரா ஓடினா இது அலைன்மென்ட் கோளாறு இல்லை. வண்டி ஒரு டன்கூட இல்லை, அசையத்தான் செய்யும். 50-க்குக் கீழே இறங்குங்க, ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருக்கட்டும். தென்மேற்குக் காத்துல ராமேஸ்வரம் பக்கம் போறப்போ, எதிர்ல வர்ற பஸ் ஒரு நொடி காத்தை மறைக்கும். பஸ் கடந்ததும் பழையபடி அடிக்கும். அப்ப வெடுக்குனு திருப்பாதீங்க. டயர் தேதியையும் பாருங்க: பக்கச் சுவர்ல 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் தயாரானது.

கீழக்கரை: போலோவுக்கு இப்போ ரெண்டு புது டயர்தான் வாங்க முடியும். முன்னாடி போடவா?

பதில்: பின்னாடி. ஈரத்துல முன் டயர் வழுக்கினா வண்டி திரும்பாம நேரா போகும். ஆக்சிலேட்டரை மெதுவா விட்டா பெரும்பாலும் பிடி திரும்பிரும். பின் டயர் வழுக்கினா வண்டி சுத்திரும், சமாளிக்க நேரமே இருக்காது. ஐப்பசி மழையில ஈசிஆர்ல தண்ணி தேங்கின இடத்துல நடக்கிறது இதுதான்.

சாயல்குடி: ஒத்துக்க மாட்டேன். இன்ஜின், ஸ்டீயரிங், பிரேக் பாரம் எல்லாமே முன்னாடி. எங்க டயர் கடைக்காரரும் முன்னாடிதான் மாட்டுவார்.

பதில்: பாரம் முன்னாடி சாயுதுன்னா பின்பக்கம் லேசாகுதுன்னுதானே அர்த்தம்? லேசான பக்கத்துல தேஞ்ச டயரும் இருந்தா சுலபமா பிடி விடும். அதுக்காக முன்னாடி மொட்டை டயரோட ஓடச் சொல்லலை. டயர் பட்டன் ஆழம் (ரோட்டைத் தொடுற பக்கத்துப் பள்ளம்) 1.6 மி.மீ.க்கு வந்துட்டா டயர் கழிவு. மழைக்கு 3 மி.மீ.யாவது வேணும். பழசுல நல்லது ரெண்டை முன்னாடி மாட்டுங்க. அதுவும் 3-க்குக் கீழேன்னா நாலையும் மாத்தணும்.

தொண்டி: இஎஸ்பி (வண்டி சறுக்காம தானா பிரேக் போடுற வசதி) இருந்தா எங்க போட்டாலும் சரிதானே?

பதில்: இருக்கிற பிடியைத்தான் அது பயன்படுத்தும். இல்லாத பிடியை எங்கேயிருந்து கொண்டுவரும்?

ஏர்வாடி: ஸ்பிரிங்கை ஒரு சுத்து வெட்டினா கார்னரிங் (வளைவுல பிடிமானம்) கூடுமா சார்?

பதில்: குறையும். ஸ்பிரிங் ஒழுங்கா உட்காராது, பம்ப் ஸ்டாப்ல (சஸ்பென்ஷன் முழுசா அமுங்காம தடுக்கிற ரப்பர்) இடிக்கும். வளைவுல இடிச்ச நொடியே அந்தச் சக்கரம் பிடி விடும்.

ராமேஸ்வரம்: அரிச்சல்முனை ரோட்டுல மணல் ஏறிக் கிடக்கு. ஏபிஎஸ் (பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம தடுக்கிற வசதி) காப்பாத்துமா?

பதில்: லூஸ் மணல்ல ஏபிஎஸ் இருந்தா வண்டி நிக்கிற தூரம் கூடத்தான் செய்யும். மணலுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. மணல் மேல பிரேக்கும் திருப்பமும் சேர்ந்து வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவுங்க. உப்புல காலிப்பர் (பிரேக் பேடை அழுத்துற பாகம்) நகர்ற பின் (pin) இறுகினா ஒரு பேடு மட்டும் தேயும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். சர்வீஸ்ல பின்னைக் கழட்டி சிலிக்கான் கிரீஸ் போடச் சொல்லுங்க. பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துங்க, அது ஈரத்தை உறிஞ்சும்.

உச்சிப்புளி: நைட்ரஜன் அடிக்கலாமா?

பதில்: சாதாக் காத்தே போதும். அளவு பெரும்பாலும் டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கர்ல இருக்கும். டயர் தேதி பார்த்தீங்களா?

தேவிபட்டினம்: புது டயர் முன்னாடியா, பின்னாடியா?

பதில்: மேலே படிங்க.

திருப்புல்லாணி: பெல்ட் அலாரம் கத்தாம இருக்க கிளிப் வாங்கியிருக்கேன். ஏர்பேக்தான் இருக்கே?

பதில்: பெல்ட் இல்லாம ஏர்பேக் மேல போய் விழுந்தா அதுவே கழுத்தை முறிக்கும். கிளிப்பைக் குப்பையில போடுங்க.

சாயல்குடி: என்ன சொன்னாலும் எனக்கு முன்னாடிதான்.

பதில்: வண்டி உங்களது. மழையில 60-ஐத் தாண்டாதீங்க.