கோழிக் குடலில் பெயரில்லாத பாக்டீரியா: மருந்து கொடுக்கலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் எழுபது நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஆராய்ச்சிக்கென்று ஒரு மாணவி இரண்டு கோழி வாங்கிப் போனார். போன வாரம் போன் செய்து, "உங்க கோழிக் குடல்ல காத்து இல்லாம வாழுற ஒரு பாக்டீரியா இருக்கு. தெரிஞ்ச இனத்தோட 96 சதவீதம்தான் ஒத்துப்போகுது, புது இனமா இருக்கலாம்" என்றார். அது தெருவில் பரவி, "புது நோயாமே" என்று முட்டை வாங்கத் தயங்குகிறார்கள். சில கோழிகள் அவ்வப்போது பழுப்பாக, பசை போல எச்சம் போடுவதும் இப்போது பயமாக இருக்கிறது. கழிச்சல் மருந்து கொடுத்துவிடலாமா டாக்டர்?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. முதலில் அந்தப் பழுப்பு எச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். கோழியை அறுக்கும்போது பார்த்திருப்பீர்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வால் போல இரண்டு பைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம்தான் வாய், மறுமுனை அடைப்பு. சீக்கம் என்போம். சிறுகுடலில் செரிக்காத நார் இதற்குள் போய்ப் புளிக்கும். பிறகு அந்தப் பை காலியாகும்போது வருவதுதான் பழுப்பாக, பளபளவென்று, நாற்றமாக இருக்கும் எச்சம். பத்து எச்சத்துக்கு ஒன்றிரண்டு இப்படி வந்தால் குடல் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பைக்குள் காற்று கிடையாது. சம்பா வயலில் காலை வைத்தால் கருஞ்சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்புமே, அதுவும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களின் வேலைதான். சீக்கத்திலும் அதே கதை. ஒரு கிராம் சரக்கில் ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கும். தவிடு, கீரை நாரைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கு உணவாகும் அமிலங்களைத் தருகின்றன. இவற்றில் பலவற்றுக்கு இன்னும் பெயரே வைக்கப்படவில்லை. வெளிக்காற்று பட்டாலே பலதும் செத்துவிடுவதால் ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம். 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கோழிக் குடலிலிருந்து மட்டும் நூற்றுக்கணக்கான புது இனங்களுக்குப் பெயர் முன்மொழிந்தது. உங்கள் கோழியிலும் ஒன்று அகப்பட்டது எனக்கு வியப்பில்லை, சந்தோஷம்தான்.

மாணவி சொன்ன 96 சதவீதம் என்பது, பாக்டீரியா எல்லாவற்றிலும் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 1,500 எழுத்துகளை ஒப்பிட்ட கணக்கு. 98.7-க்குக் கீழே போனால் புது இனமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதோடு முடியாது. முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். அதில் 95 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். ஆய்வகத்தில் உயிரோடு வளர்த்த அந்தப் பாக்டீரியாவை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரிலும் புனேயிலும் அப்படி மையங்கள் உண்டு. அதன் பிறகுதான் பெயர். இதில் எந்தப் படியிலும் "நோய்" என்ற பேச்சே வரவில்லை பாருங்கள். ஒன்றை நோய்க்கிருமி என்று சொல்ல, அதை நலமான கோழிக்குக் கொடுத்து, அதே நோய் வந்து, திரும்ப அதையே பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். உங்களுடையது நன்றாக இருந்த கோழியிலிருந்து கிடைத்தது. வாடிக்கையாளர்களிடம் இதையே சொல்லுங்கள். முட்டையை வழக்கம்போல் வேகவைத்துச் சாப்பிடட்டும்.

இப்போது மருந்து கொடுத்தால் சாவது இந்த நல்ல கூட்டம்தான். 1973-இல் பின்லாந்தில் நூர்மி, ரன்டாலா என்ற இருவர், வளர்ந்த கோழியின் குடல் சரக்கைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி அண்டுவதில்லை என்று காட்டினார்கள். உங்கள் வீட்டில் அதைத் தாய்க்கோழியே செய்கிறது. குஞ்சு அதன் பின்னால் கிளறித் திரியும்போது தாயின் எச்சத்திலிருந்து அந்தக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. தாயைப் பார்க்காத பொரிப்பகக் குஞ்சுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த மருந்தை யாராவது நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். நம் நாட்டில் உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கு 2019-லேயே தடை செய்யப்பட்டது அது.

பயப்பட வேண்டியது பெயர் தெரிந்த கிருமிக்குத்தான். கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ் என்று ஒன்று, அதுவும் காற்றில்லாமல் வாழ்வது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூண்டுக்குள் உமி நனைந்து ரத்தக்கழிச்சல் வந்தால், அதன் பின்னாலேயே இது தலைதூக்கும். நேற்றுவரை மேய்ந்த கோழி காலையில் செத்துக் கிடக்கும். அறுத்தால் சிறுகுடல் ஊதியிருக்கும், உள்சுவர் பழுப்பேறிய தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி இருக்கும். எச்சம் முழுக்கத் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தாலும், கோழி இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கினாலும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் உங்களுக்குத் தூரமில்லை. மழைக்கு முன் நனைந்த உமியை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போடுங்கள். தண்ணீர்த் தட்டைக் கூளத்தை விட்டு உயர்த்தி வையுங்கள்.

அந்த மாணவி மறுபடி கோழி கேட்டால் உயிரோடு கொடுத்தனுப்புங்கள். வீட்டில் அறுத்து, குடலை மட்டும் டப்பாவில் போட்டுக் கொடுக்க வேண்டாம். சீக்கப் பையின் வாயை நூலால் கட்டாமல் கொண்டுபோனால், ஆய்வகம் சேர்வதற்குள் காற்று பட்டு அவர் தேடுவது செத்துவிடும்.